மக்கர் பண்ணும் பழைய டிராக்டர்: எதை முதலில் பார்ப்பது?

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம். பேசியவர்: வேளாண்மை விரிவாக்க அலுவலர், பாலசமுத்திரம்)



பாலாறு–பொருந்தலாறு அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்றால், பாலசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். நாற்றங்காலில் நாற்று தயாராக நிற்கும். நடவு ஆட்களுக்குச் சொல்லியாகிவிடும். அந்த நேரம் பார்த்து வீட்டு டிராக்டர் 'நான் வரலை' என்று உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? வாடகை வண்டிக்கு அலைய வேண்டும். அது வருவதற்குள் முறைத் தண்ணீர் போய்விடும், நாற்று வயது கடந்துவிடும். ஆகவே, பழைய டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிப்பது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இழுக்காமல் திணறுவது, இந்த இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்று சொல்லப்போகிறேன்.

நம்ம பக்கத்தில் பத்து, இருபது வருஷம் ஓடிய மாசே பெர்குசன், மகிந்திரா, ஸ்வராஜ் வண்டிகள் இன்னும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அவற்றில் பல வண்டிகளை ராத்திரி எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். மேட்டில் சாய்வாக நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்திருப்பார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், அந்த ஓட்டத்தில் கியரைப் போட்டு எஞ்சினை எடுத்துவிடுவார்கள். இது சாமர்த்தியம் இல்லை. நோயை மூடி வைக்கிறோம், அவ்வளவுதான். கல்லை எடுக்கிறவர் சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எஞ்சின் கேட்பது என்ன?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா? அதே சங்கதிதான். சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கின காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பனி மாதிரித் தூவ, அது தானாகப் பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கும் உங்கள் டிராக்டருக்கும் இந்தத் தத்துவம் ஒன்றுதான்.

ஆகவே எஞ்சின் நம்மிடம் நாலே நாலு கேட்கிறது. ஒன்று, வேகமான சுற்று. இரண்டு, தண்ணீரும் காற்றும் கலக்காத டீசல், அதுவும் சரியான நேரத்தில். மூன்று, தாராளமான காற்று. நான்கு, கசியாத அமுக்கம். நான் சொன்ன இந்த வரிசையிலேயே சோதித்துக்கொண்டு போங்கள். முதல் மூன்றிலும் பெரும்பாலும் நம் கையாலேயே, கொஞ்சக் காசில் சரி செய்யலாம். நாலாவதுதான் எஞ்சினை இறக்குகிற வேலை. நம் ஆட்களில் பலர் நாலாவதிலிருந்து தொடங்குகிறார்கள். பணம் போவது அங்கேதான்.

ஸ்பானரை எடுக்கும் முன்

முதலில் உங்களையே சில கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் தகராறா, சூடாக இருக்கும்போதுமா? கோளாறு திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? டேங்க் காலியாகி நின்ற பிறகு வந்ததா? பில்டர் மாற்றிய மறுநாள் வந்ததா? திடீரென்று வந்தது என்றால் அடைப்பு, காற்று, தண்ணீர், கழன்ற வயர் இவற்றில் ஒன்றாக இருக்கும். மெல்ல மெல்ல வந்தது என்றால் தேய்மானம். எஞ்சின் ஒரே ராத்திரியில் தேய்ந்துபோவதில்லை.

அடுத்தது, எஞ்சினை நிறுத்துவதற்கு இழுக்கிறோமே, அந்தக் கம்பி. அது முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் பம்ப் டீசலே கொடுக்காது. இரண்டு சொட்டு ஆயிலில் தீர்கிற விஷயம் இது.

செல்ப் சுற்றும் வேகம்

செல்ப் அடிக்கும்போது எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா, இல்லை முனகிக்கொண்டு சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் நெருக்கின காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். டீசல் பற்றாது. மலையடிவாரத்தில் மார்கழிக் குளிரில் இது இன்னும் அதிகம்.

முனகினால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். எர்த் பக்கத்து வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்துக் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும்போது எர்த் வயர் கடைசி. அந்த எர்த் வயர் சேசிஸில் முடுக்கியிருக்கிற இடத்தையும் கழற்றிப் பெயிண்ட், துரு போகத் தேயுங்கள். பல வண்டிகளில் கோளாறு அந்தப் போல்ட்டில்தான் இருக்கிறது. செல்ப் அடித்த கையோடு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எந்த இணைப்பு சுடுகிறதோ அதுதான் லூஸ்.

இவ்வளவும் செய்த பிறகு பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் ஆசிட்டின் அடர்த்தி 1.250-க்கும் 1.280-க்கும் நடுவில் இருக்கும். மீட்டர் வைத்தால் ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். செல்ப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி சக்தி இழந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ப் அடியுங்கள், கியர்பாக்ஸ் சுமை குறையும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். விடாமல் அடித்தால் செல்ப் மோட்டார் கருகிவிடும், பேட்டரியும் போகும்.

புகையைப் பாருங்கள்

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை. அப்போது இன்னொருவரை செல்ப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. அதாவது சூடு போதவில்லை, அல்லது டைமிங் தவறியிருக்கிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஓடும்போது வரும் புகைக்கும் அர்த்தம் உண்டு. சுமையில் கறுப்புப் புகை தள்ளினால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகவிடுகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

டீசல் வரும் பாதை

புகை இல்லை என்று தெரிந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் நடந்து போவது மாதிரி ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா? காக் முழுசாகத் திறந்திருக்கிறதா? டேங்க் மூடியில் சின்னக் காற்றுத் துளை இருக்கும், அது மண் அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் வண்டி கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், மறுபடி எடுத்துக்கொள்ளும். இந்த அடையாளம் கண்டால் ஒரு ஊசி போதும், மெக்கானிக் வேண்டாம்.

அடுத்து தண்ணீர். காலையில் எஞ்சினை எடுக்கும் முன்னால் பில்டரின் அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழே தங்கிவிடும். தண்ணீர் கண்டால் டேங்கின் அடியையும் வடித்துவிடுங்கள். பாதி காலியான டேங்கில் ராத்திரி ஈரம் வேர்த்து இறங்கும். அதனால் வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது.

அடுத்தது காற்று. பழைய வண்டியின் முக்கியமான எதிரி இதுதான். டீசல் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். காற்று உள்ளே போவது தெரியாது. பழைய ரப்பர் குழாய், தேய்ந்த செம்பு வாஷர், விறைத்துப்போன பில்டர் ரப்பர் வளையம், இவற்றின் வழியாக ராத்திரி முழுக்கக் காற்று ஏறும். லைனில் இருந்த டீசல் பின்வாங்கி டேங்குக்கே போய்விடும். காலையில் லைன் வெறுமையாக இருக்கும்.

சில வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு விவசாயி வந்தார். மூன்று சிலிண்டர் வண்டி, பதினெட்டு வருஷப் பழசு.

"சார், எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன் எல்லாம் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. வீட்ல நகையைக் கழட்டிக் குடுத்துட்டா. நாளைக்கு அடகு வைக்கப் போறேன்" என்றார்.

"சாயங்காலம் வண்டியை நிறுத்திட்டு உடனே அடிச்சா எடுக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே அடியில எடுக்குதுங்க. காலைலதான் சண்டித்தனம்."

"காலைல அடிக்கும்போது புகை வருதா?"

"ரொம்ப நேரத்துக்குப் புகையே இல்லைங்க. அப்புறம் குபுக்னு வெள்ளையாத் தள்ளும், எடுத்துக்கும்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். லைனரும் ரிங்கும் தேய்ந்திருந்தால் டீசல் போய்க்கொண்டுதானே இருக்கும்? முதல் சுற்றிலிருந்தே வெள்ளைப் புகை வந்திருக்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை என்று அர்த்தம். அவர் வண்டிக்குப் போய், டேங்கையும் லைனையும் விட்டுவிட்டு, உயரத்தில் கட்டிய ஒரு சுத்தமான கேனிலிருந்து பம்புக்கு நேராக டீசல் விட்டு, ஏர் எடுத்து, ராத்திரி அப்படியே வைத்தோம். மறுநாள் காலையில் ஒரே அடியில் எடுத்தது. ஆக எஞ்சினிலும் பம்பிலும் குற்றமில்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் கோளாறு. தேடினதில் பில்டர் தலையில் குழாய் மாட்டுகிற போல்ட்டின் செம்பு வாஷர் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டி நசுங்கியிருந்தது. புது வாஷர் போட்டோம், தீர்ந்தது. நகை அடகுக்குப் போகவில்லை.

இந்தக் கேன் சோதனையை நினைவில் வையுங்கள். கேனில் எடுத்து, டேங்கில் எடுக்காவிட்டால் லைனைப் பாருங்கள். கேனிலும் எடுக்காவிட்டால் மேலே போகலாம்.

ஏர் எடுக்கும் முறை

டேங்கை நிரப்பிக் காக்கைத் திறந்துவிடுங்கள். பில்டர் தலையில் உள்ள ஏர் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, பீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். நுரை நின்று டீசல் கட்டியாக வரும்போதே, அது வழியும்போதே, திருகை முடுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள ஏர் திருகிலும் இதேபோல் செய்யுங்கள். கை லீவர் தொளதொளவென்று ஆடி, டீசல் வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். உள்ளே கேம் மேட்டில் நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அடித்தால் பிடித்துக்கொள்ளும். கடைசியாக நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் துள்ளி வந்ததும் முடுக்குங்கள். பம்புக்குப் பம்ப் வரிசை மாறும், உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுத்தால் வண்டி எடுக்கும். ஆனால் தினமும் ஏர் எடுக்க வேண்டியிருந்தால் வைத்தியம் ஆகவில்லை. காற்று ஏறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பம்புக்கு முன்னால் ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, குமிழ் எப்போது நிற்கிறது என்று பாருங்கள்.

சுமையில் திணறினால்

வண்டி எடுக்கிறது, சும்மா நிற்கும்போது நன்றாக ஓடுகிறது, கலப்பையை இறக்கினால் திணறுகிறது என்றால் மறுபடி புகைதான் வழிகாட்டி. புகை இல்லாமல் சக்தி குறைந்தால் டீசல் போதவில்லை. பில்டர் அடைத்திருக்கும், டேங்குக்குள் சல்லடை அடைத்திருக்கும். கறுப்புப் புகையோடு குறைந்தால் காற்று போதவில்லை. பழைய வண்டிகளில் ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தில் ஆயில் இருக்கும். புழுதி உழவில் தினமும் அதைத் திறந்து பாருங்கள். ஆயில் சேறாகியிருந்தால் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றக் கூடாது, எஞ்சின் அதை உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். ஏர் கிளீனர் இல்லாமல் வயலில் ஓட்டவே கூடாது. புழுதி உள்ளே போனால் லைனரை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக வேலை செய்யாமல் எஞ்சின் நொண்டினால், ஓடவிட்டு, நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, உடனே முடுக்குங்கள். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் சத்தம் மாறும். எதில் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. அந்த நாசிலை மட்டும் கழற்றிப் பழனியிலோ திண்டுக்கல்லிலோ டெஸ்டிங் கடையில் காட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய எஞ்சினிலும் நாசில் 175, 200 கிலோ அழுத்தத்துக்கு மேல் டீசலைப் பீச்சும். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் கை அழுகிப்போகும் அளவுக்கு ஆபத்து. தளர்த்தும் நட்டின் மேல் கெட்டித் துணியைப் போடுங்கள், கையையும் முகத்தையும் அருகில் வைக்காதீர்கள். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பம்பின் சீலை உடைத்து நாமே திருகைத் திருப்புவது வேண்டாம். பம்புக்கென்றே பயிற்சி பெற்ற கடை இருக்கிறது. நீங்கள் மைக்கோ பம்ப் என்று சொல்லும் கம்பெனியின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறிவிட்டது. உதிரி பாகம் வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில்தான் அமுக்கம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, காலையில் முதல் சுற்றிலிருந்தே வெள்ளைப் புகை தள்ளி, எடுக்கத் தாமதமானால் அமுக்கம் குறைந்திருக்கலாம். அப்போதும் முதலில் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது, அமுக்கம் கசியும். பீலர் கேஜும் வண்டிப் புத்தகமும் இருந்தால் அரை நாள் வேலை. அதற்குப் பிறகும் தீராமல், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. அப்போதும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளவைப் பார்த்த பிறகு எஞ்சினை இறக்கச் சம்மதியுங்கள்.

செய்யக் கூடாதவை

ஏர் கிளீனர் வாயில் துணியைக் கொளுத்திக் காட்டுவது, பெட்ரோலோ ஈதரோ தெளிப்பது, இவை எஞ்சினையும் உடைக்கும், ஆளையும் சுடும். அதைவிடக் கொடியது, கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ப் மோட்டாரில் இரண்டு முனையையும் தொட்டு எடுப்பது. வண்டி கியரில் இருந்தால் எடுத்த நொடியில் பெரிய சக்கரம் அவர்மேல் ஏறும். டிராக்டரை எப்போதும் சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரல் பார்த்து, சாவியால் எடுங்கள். சாவி வேலை செய்யவில்லையென்றால் சுவிட்சைச் சரிசெய்யுங்கள்.

உழவர் பெருமக்களே, ஒரு பழைய நோட்டில் உங்கள் வண்டியின் கதையை எழுதி வையுங்கள். எத்தனை மணி ஓடியபோது ஆயில் மாற்றினோம், பில்டர் எப்போது மாற்றினோம், கோளாறு எப்போது வந்தது, புகை என்ன நிறம் என்று எழுதுங்கள். மெக்கானிக்கிடம் "வண்டி மக்கர்" என்று மட்டும் சொல்லாமல், "காலைல மட்டும், செல்ப் வேகமாச் சுத்துது, புகை இல்லை" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் பாதி வேலை முடிந்தது என்பார்.

முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு, ஆந்திரத்தில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் பராமரிப்புப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். அவசரத்துக்கு அந்தத் துறையிலேயே டிராக்டர் வாடகைக்கு உண்டு, உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

தண்ணீர் திறக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள் காலையில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான் சொன்ன வரிசையில் பார்த்துவிடுங்கள். வாஷர், வயர், பில்டர் என்று சின்னச் சின்னதாக என்ன வேண்டுமோ, அதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.